பிரேக் சுவிட்சில் மூன்று சுற்று

வண்டியை மட்டும் பார்த்தால் போதாது, ஓட்டுகிற ஆளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இருபத்தாறு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் கரண்டு. வீட்டில் வைத்த பெயர் வேறு. கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்க ஆரம்பித்த முதல் வாரத்தில் யாரோ கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது கோபம் வந்தால் அவன் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள். ஹெட்லைட் தானாக அணைகிறது என்று யாராவது வந்து நின்றால் அவன் பானெட்டைத் திறக்க மாட்டான். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "தினமும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க" என்பான். அந்த மனிதர் ஓட்டும்போது அவருடைய முழங்கால் போய்ச் சாவிக்கொத்தில் இடிக்கும், சாவி அசையும், விளக்கு அணையும். "காலை எங்கே வைக்கிறீங்க, காட்டுங்க" என்று பெரிய பெரிய ஆட்களையெல்லாம் அதட்டியிருக்கிறான். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

அப்பேர்ப்பட்டவன், கேட்டே ஆகவேண்டிய ஒரே ஒரு ஆளிடம் அதைக் கேட்காமல் விட்டான். அவனுடைய அக்கா வீட்டுக்காரரிடம்.

அத்தான் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இருப்பது இருபத்திரண்டு வயதான ஒரு நீளமான சாம்பல் நிறக் கார். கதவைச் சாத்தினால் பீரோ சாத்துகிற சத்தம் வரும். உள்கூரைத் துணி தொங்கிப்போய், அக்கா அதைக் குண்டூசி குத்தி நிறுத்தி வைத்திருக்கிறாள். விற்றுத் தொலையுங்கள் என்று சொல்லாத ஆள் கிடையாது. அவர் விற்காததற்குக் காரணம் ஸ்டியரிங்கில் இருக்கும் ஒரு பொத்தான். குரூஸ் கண்ட்ரோல். நெடுஞ்சாலையில் போகும்போது அதை அழுத்திவிட்டால், அந்த நேரத்தில் என்ன வேகமோ அதே வேகத்தில் கார் தானாகவே போய்க்கொண்டிருக்கும். காலை எடுத்துத் தரையில் வைத்துவிடலாம். பிரேக்கைக் கொஞ்சம் தொட்டாலும் போதும், அது விட்டுவிடும். அது வேலை செய்யும்போது மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும்.

அந்தப் பச்சை விளக்கு எரிந்தால் பாப்பா சிரிப்பாள்.

பாப்பாவுக்கு வயது இருபத்தெட்டு. பிறந்தபோது மூச்சு வர நேரமாகிவிட்டது. உடம்பு வளர்ந்தது, மற்றதெல்லாம் இரண்டு மூன்று வயதோடு நின்றுகொண்டது. அக்காவால் தனியாகத் தூக்கி இறக்க முடியாமல் போனபிறகு, ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். சேர்த்துவிட்டு வந்த அன்று அத்தான் காரைவிட்டு இறங்காமல் இருட்டும்வரை அதிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஆறு வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. காலை பத்து மணிக்குப் போய், பாப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் கூட்டிப்போவார். பொத்தானை அழுத்துவார். பச்சை விளக்கு எரியும். காலை எடுத்துத் தரையில் வைப்பார். பாப்பா உடம்பை வளைத்துக் கீழே குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைதட்டி வாய்விட்டுச் சிரிப்பாள். வாரம் முழுக்க அவள் அப்படிச் சிரிப்பதில்லை என்று இல்லத்து நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

அதனால், விளக்கு நடுவழியில் அணைய ஆரம்பித்தபோது அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்காவையும் ஏற்றிக்கொண்டு கரண்டின் பட்டறைக்கு வந்து நின்றார்.

"அஞ்சு நிமிஷம் ஓடுது மாப்ளே, அப்புறம் அணைஞ்சுடுது. திரும்ப அழுத்தினா ரெண்டு நிமிஷம்கூட நிக்க மாட்டேங்குது. போன வாரம் பாப்பா ஒரே அழுகை."

"வெறும் அழுகையா?" என்றாள் அக்கா. "விளக்கு அணைஞ்சதும் இவர் தொடையில பட்டு பட்டுன்னு அடிக்கிறா. கையைப் பிடிச்சாலும் விட மாட்டேங்கிறா தம்பி. அவ்வளவு கோவம்."

"அவ கோவத்துல நியாயம் இருக்குல்ல" என்றார் அத்தான்.

"நியாயத்தைப் பேச வந்துட்டார். இவர் லட்சணத்தைக் கேளு. நேத்து ஒத்தைச் செருப்போட வீட்டுக்குள்ள வந்து நிக்கிறார். இன்னொண்ணு வாசல் கேட்டுக்கிட்ட கிடக்கு. கழண்டு விழுந்தது கூடத் தெரியலையாம்!"

"செருப்புக்கும் என்னைப் பிடிக்காமப் போச்சு, நான் என்ன பண்ண?"

மூன்று பேரும் சிரித்தார்கள். கரண்டுதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவன் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

வேலையை அவன் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். ஃபியூஸ் நன்றாக இருந்தது. பானெட்டுக்குள் ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கசிந்தது. அப்பாடா, கள்ளன் அகப்பட்டான் என்று அதை மாற்றினான். தானே நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போய் இருபது கிலோமீட்டர் ஓட்டினான். பச்சை விளக்கு அசையவில்லை. திரும்பி வந்து சாவியைக் கொடுத்தான். அத்தான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். நாலாவது நிமிடத்தில் அணைந்துவிட்டதாம்.

மறுபடி கரண்டு ஓட்டினான். அணையவில்லை. மறுபடி அத்தான் ஓட்டினார். அணைந்தது.

"எனக்கு மட்டும் கண்ணாமூச்சி காட்டுது பாரு" என்றார் அத்தான். "இத்தனை வருஷம் வளர்த்ததுக்கு இதுதான் மரியாதை."

ஒருவன் ஓட்டினால் வருகிற கோளாறு இன்னொருவன் ஓட்டினால் வரவில்லை என்றால், அதற்கு என்ன அர்த்தம் என்று கரண்டுக்குத் தெரியாதா? வேறு யாருடைய காராக இருந்தாலும் அந்த நிமிடமே பக்கத்து சீட்டில் ஏறியிருப்பான். அன்றைக்கு ஏறவில்லை. பிரேக் விளக்குக்குப் போகிற ஒயரிலிருந்து ஒரு கிளை இழுத்து, டாஷ்போர்டில் சின்ன பல்பு ஒன்றைத் தொங்கவிட்டான். பிரேக்கை மிதித்தால் அந்த பல்பு எரியும். "அத்தான், ஒரு சுத்து போயிட்டு வாங்க. பச்சை விளக்கு அணையறப்போ இது எரியுதான்னு மட்டும் பாருங்க" என்று அனுப்பிவைத்தான்.

அவர் வந்தார். "எரிஞ்சுது மாப்ளே. பளிச்சுன்னு எரிஞ்சுது. ஆனா நான் பிரேக்கைத் தொடவே இல்ல."

தொடவே இல்லை என்று அவர் வாயால் சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, காலைக் காட்டுங்கள் என்றால், அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். கரண்டுக்குப் பதினாறு வயதில் அப்பா போய்விட்டார். படிப்பு ஏறாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வேலையில் சேர்த்துவிட்டவர் அத்தான். அவன் சட்டைப்பையில் இன்றைக்கும் இருக்கிற டெஸ்டர் அவர் வாங்கிக் கொடுத்தது. அந்த மனிதரிடம் அவனுக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டான். மிதிக்காமலே பல்பு எரிகிறது என்றால் சுவிட்சில்தான் கோளாறு.

பிரேக் பெடலுக்கு மேலே, கைவிரல் அளவில் அந்த சுவிட்ச் இருக்கிறது. பெடல் ஒரு நூல் அசைந்தாலும் அது பிரேக் விளக்கை எரியவைத்து, குரூஸ் கண்ட்ரோலை விடுவித்துவிடும். இருபத்திரண்டு வருடத்தில் தேய்ந்து, ரோடு குலுங்கினால்கூட ஏமாந்துபோகிறது என்று கரண்டு முடிவு கட்டினான். இவ்வளவு பழைய வண்டிக்குப் புது சுவிட்ச் தேடிப் பிடிக்க இரண்டு வாரமாவது ஆகும். விடிந்தால் சனிக்கிழமை. அவன் ஸ்டியரிங்குக்குக் கீழே தலைகீழாகப் படுத்துக்கொண்டு, பூட்டு நட்டைத் தளர்த்தி, சுவிட்சை மூன்று சுற்று உள்ளே தள்ளி வைத்தான். இனிமேல் பெடல் அரை விரல்கடை கீழே போனால்தான் அது வாயைத் திறக்கும். கை வைத்த நட்டிலெல்லாம் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைப்பது அவன் வழக்கம், பிறகு யாராவது திருகினால் தெரிந்துவிடும் என்பதற்காக. இதிலும் இரண்டு கோடு இழுத்தான். பழைய இடத்துக்கு ஒன்று, புது இடத்துக்கு ஒன்று.

அத்தான் ஓட்டிப் பார்த்தார். விளக்கு அணையவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு ஃபோன் வந்தது. அத்தான் ஒன்றும் பேசவில்லை, பாப்பா பக்கம் நீட்டியிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டலும் சிரிப்பும் கேட்டன. கரண்டு பட்டறை நடுவில் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்றைக்கெல்லாம் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சிரிப்பு எத்தனை வாரம் நீடித்தது என்று அவன் பிறகு விசாரிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அக்கா பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். "இப்பல்லாம் விளக்கு எரியறப்பவும் அடிக்கிறா தம்பி. அடிச்சு அடிச்சுப் பழகிப்போச்சு போல." பாவம், அவளுக்கென்ன தெரியும் என்று கரண்டு பதில் சொன்னான்.

மூன்று மாதம் போனது. மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை, அத்தான் தனியாக வந்தார். காரிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்து நடந்தார். இடுப்புப் பிடிப்பு என்றார்.

"பழையபடி அணையுது மாப்ளே. இந்தத் தடவை அழுத்தின உடனே போயிடுது. பின்னாடி வர்றவன் எல்லாம் ஹார்ன் அடிச்சுத் திட்டிட்டுப் போறான், ஏன்னே தெரியல. ஏதோ கருகின வாசனை வேற."

கருகின வாசனை என்றதும் கரண்டு பக்கத்துப் பட்டறையிலிருந்த பிரேக் மெக்கானிக்கைக் கூப்பிட்டான். அவன் முன்சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் கட்டை காகிதமாகத் தேய்ந்திருந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது நானே போட்ட கட்டை. இன்னும் ஒன்றரை வருஷம் ஓடணும். யாரோ பிரேக்ல காலை வச்சுக்கிட்டே வண்டி ஓட்டறாங்க."

"யாரைப் பத்திப் பேசறேன்னு தெரியுமா?" கரண்டுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்துவிட்டது. "நாப்பது வருஷமா ஓட்டறவர்டா அவர். ஒரு கீறல் கிடையாது."

"நான் யாரையும் சொல்லல அண்ணே. கட்டை சொல்லுது."

அவன் புதுக் கட்டை போட்டுவிட்டுப் போய்விட்டான். கரண்டு கொஞ்ச நேரம் அந்தத் தேய்ந்த கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு டாஷ்போர்டில் மறுபடி அந்தச் சின்ன பல்பைத் தொங்கவிட்டான். இந்தத் தடவை, "வாங்க அத்தான், நானும் வர்றேன்" என்று சொல்லிப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான்.

நெடுஞ்சாலை காலியாக இருந்தது. அத்தான் வண்டியை நிதானமாகக் கொண்டுபோனார். எண்பது வந்ததும் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. "இப்போ காலை எடுத்துட்டேன்" என்று தானாகவே சொன்னார். பத்து எண்ணுவதற்குள் தொங்கவிட்ட பல்பு எரிந்தது, பச்சை விளக்கு அணைந்தது. பல்பு எரிந்தது எரிந்தபடியே இருந்தது. வண்டி மெல்ல மெல்ல வேகம் குறைந்தது.

"பாத்தியா? பாத்தியா? நான் தொடல!"

கரண்டு குனிந்து பார்த்தான்.

அத்தானின் வலது பாதம் பிரேக் பெடல்மேல் இருந்தது. பாதம் என்றுகூடச் சொல்ல முடியாது, அங்கே கழற்றிப் போட்ட செருப்பாக ஒரு பக்கம் சாய்ந்து அதன்மேல் கிடந்தது. அதன் கனம் முழுவதும் பெடலில் இறங்கியிருந்தது.

"அத்தான்," என்றான். "காலை எங்கே வச்சிருக்கீங்க?"

"கீழதான். தரையில."

"வண்டியை ஓரமா நிறுத்துங்க அத்தான்."

"ஏன்டா?"

"நிறுத்துங்க, சொல்றேன்."

அவர் ஓரம் கட்டி நிறுத்தினார். அதன்பிறகுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார். யாரோ ஒருவர் தன் இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கையால் முழங்காலுக்குக் கீழே பிடித்துத் தூக்கி அதைத் தரையில் வைத்தார். கரண்டு இறங்கிச் சுற்றிவந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, சாலையோரத்து மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்தான். அவருடைய செருப்பைக் கழற்றினான். சட்டைப்பையிலிருந்த டெஸ்டரை எடுத்து, அதன் கைப்பிடியால் உள்ளங்காலை அழுத்தினான்.

"தொட்டுட்டியா?" என்று கேட்டார் அத்தான். அவர் எதிரே கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொட்டுட்டுத்தான் இருக்கேன் அத்தான்."

லாரி ஒன்று அவர்களைக் கடந்துபோனது. காரே ஒரு தடவை ஆடி நின்றது. கரண்டு கணுக்காலில் அழுத்தினான், கெண்டைக்காலில் அழுத்தினான். முழங்காலுக்குப் பக்கத்தில் வந்தபிறகுதான், "ம், அங்கே லேசா" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டான். மரத்துப்போவது கொஞ்ச நாளாக இருக்கிறது, உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்தேன் என்றார். மாடிப்படியில் இரண்டு தடவை விழப்பார்த்ததை அக்காவிடம் சொல்லவில்லையாம். சொன்னால் வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வாள்.

பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே, போன தடவை என்னவோ பண்ணினியே, நல்லா நின்னுச்சே. அதையே இன்னும் கொஞ்சம் பண்ணிக் குடுத்துடு. நாளைக்குச் சனிக்கிழமை. அவ பத்து மணிக்கே வாசல்ல வந்து உக்காந்துடுவா. திங்கக்கிழமை எந்த டாக்டர்கிட்ட வேணா வர்றேன்."

போன தடவை என்ன பண்ணினான் என்பது கரண்டுக்கு அந்த நொடி வரைக்கும் உறைக்கவே இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பே இந்தக் கார் சொல்லியிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை விளக்கை அணைத்து அணைத்து, உன் கால் உன் பேச்சைக் கேட்கவில்லை என்று அந்த மனிதருக்குச் சொல்லியிருக்கிறது. இவன் கீழே படுத்து, மூன்று சுற்றுச் சுற்றி, அதன் வாயை அடைத்துவிட்டு, மஞ்சள் கோடும் இழுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"முடியாது அத்தான்" என்றான். "நகர்ந்து உக்காருங்க. நான் ஓட்டறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை அதட்டினான். அவர் காலைக் கையால் தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தார்.

முதுகுத்தண்டில் ஒரு கட்டி. புற்று இல்லை, ஆனால் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் வயதில் சின்னவர், பொறுமையாகப் பேசினார். அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்துவிடலாம், இருக்கிற பலம் மேலும் போகாமல் நிறுத்தப் பார்க்கலாம் என்றார்.

"போன பலம் வருமா?" என்று கரண்டு கேட்டான்.

"எப்போ ஆரம்பிச்சுதுன்னு தெரியுமா? சரியா ஞாபகம் இருக்கா?"

அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவளுக்குப் பிடிபடவில்லை. கரண்டுக்குத் தேதியே தெரியும். கிழமை, மணி எல்லாம் தெரியும். மூணு மாசம் முன்னாடி என்றான்.

டாக்டர் பேனாவை மூடினார். "அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா இந்தக் காலைக் காப்பாத்தியிருக்கலாம் சார். இப்போ கஷ்டம்."

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "எங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்? ஒரு அறிகுறியும் இல்லையே" என்றாள். கரண்டு தரையிலிருந்த டைல்ஸின் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது அவனுக்கு.

அறுவை சிகிச்சை நடந்தது. கால் வரவில்லை. ஐந்தாம் நாள் அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, கரண்டு கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சுவிட்ச், பூட்டு நட்டு, மூன்று சுற்று. பக்கத்தில் ஏறி உட்காரலாமா என்று நினைத்தது, உட்காராதது. எந்த வரியையும் விடவில்லை. யார் எவரென்று தெரியாதவர்களிடமெல்லாம் காலைக் காட்டு என்று கேட்டேன், உங்களிடம் கேட்கவில்லை என்று சொல்லும்போது அவனால் அழுகையை அடக்க முடியவில்லை.

அத்தான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி கேட்டார்.

"அதுக்கப்புறம் எத்தனை சனிக்கிழமை போயிட்டு வந்தோம்?"

"பன்னிரண்டு அத்தான்."

"பன்னிரண்டு," என்றார். அதை மனதுக்குள் எண்ணிப் பார்க்கிற மாதிரி இருந்தது. "சரி. அதை யாரும் திருப்பி வாங்க முடியாது." பிறகு, "அக்காகிட்ட சொல்லாதே. தாங்க மாட்டா" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. கரண்டும் அதை எதிர்பார்க்கவில்லை.

இடையில் ஆறு சனிக்கிழமைகள் போய்விட்டன. நர்ஸ் ஃபோன் செய்து, பத்து மணியானால் வாசலைவிட்டு வரமாட்டேன் என்கிறாள், சாப்பாடும் சரியில்லை என்றாள். ஏழாவது சனிக்கிழமை விடிகாலையில் கரண்டு அத்தான் வீட்டுக்குப் போனான். காரின் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலைகீழாகப் படுத்து, பூட்டு நட்டைத் தளர்த்தி, சுவிட்சை மூன்று சுற்று வெளியே எடுத்தான். பழைய மஞ்சள் கோட்டோடு கோடு சேர்ந்து நின்றது. அரை நிமிட வேலைகூட இல்லை. அதற்குப்பிறகும் அவன் எழுந்திருக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்தான்.

அத்தானை வாக்கரோடு நடத்திவந்து பின்சீட்டில் உட்காரவைத்தார்கள். மடங்காத வலது காலை இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் நீட்டி வைத்துக்கொண்டார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இல்லத்தின் வாசலில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். காரைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மாமா இருப்பதைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. அப்பாவைப் பின்சீட்டில் காட்டி, சமாதானம் சொல்லி, முன்சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டார்கள்.

நெடுஞ்சாலையில் எண்பது வந்ததும் கரண்டு பொத்தானை அழுத்தினான். பச்சை விளக்கு எரிந்தது.

"பாப்பா, லைட்டு பாரு, லைட்டு!" என்றாள் அக்கா.

பாப்பா விளக்கைப் பார்க்கவே இல்லை. பெல்ட்டை இழுத்துக்கொண்டு உடம்பை வளைத்துக் கீழே குனிந்தாள். கரண்டு பயத்தில் காலைத் தரையில் வைக்காமல் பெடலுக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவன் தொடையில் பட்டென்று ஓர் அடி அடித்தாள். இன்னோர் அடி. அவன் திடுக்கிட்டுக் காலைத் தரையில் வைத்தான். அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். பாதம் தரையில் இருந்தது. கைதட்டி வாய்விட்டுச் சிரித்தாள்.

கரண்டுக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவள் சிரித்தது ஒருநாளும் விளக்குக்காக இல்லை. கால் தரையில் இருக்க, கார் தானாகப் போகிறதே, அதற்காகச் சிரித்தாள். அந்தக் கால் தரையில் இல்லாதபோதெல்லாம் அடித்தாள். விளக்கு அணைந்தபோதும் அடித்தாள், அவன் அதை அணையவிடாமல் செய்தபிறகும் அடித்தாள். பன்னிரண்டு சனிக்கிழமையும் அவள் ஒருத்திதான் குனிந்து பார்த்திருக்கிறாள். அவளுக்கென்ன தெரியும் என்று சொன்னவன் அவன்தான். ரோடு கலங்கித் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினான்.

சிரித்து முடித்த பாப்பா, இரண்டு சீட்டுக்கும் நடுவில் நீட்டியிருந்த அப்பாவின் காலைப் பார்த்தாள். அதன்மேல் கையை வைத்தாள். கெண்டைக்காலில் மெதுவாகத் தட்டினாள். மறுபடி தட்டினாள், கொஞ்சம் பலமாக. அத்தான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அத்தான்," என்றான் கரண்டு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாப்பா கூப்பிடறா."

அதற்குப் பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.